பாட்டே போரிசோவ் ஸ்கார்ஃப்: பின்னல் அருமை, வரலாறு தப்பு

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் படிக்க வந்ததிலிருந்து இரண்டு குளிர்காலமாக, அந்நாட்டுக் கால்பந்து கிளப்பான பாட்டே போரிசோவின் இந்த மஞ்சள் நீல ஸ்கார்ஃபைத்தான் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிகிறேன், அதனால் துணியைப் பற்றி தைரியமாகச் சொல்லலாம். ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கியது. அக்ரிலிக் நூல்தான், ஆனால் கழுத்தை அரிக்கவில்லை. பின்னல் நெருக்கமாக இருக்கிறது, நாலைந்து தடவை துவைத்தும் சாயம் போகவில்லை. ஒரு ஓரத்தில் குஞ்சம் பிரிய ஆரம்பித்திருக்கிறது, அதை நானே முடிச்சுப் போட்டுக்கொள்வேன்.

எனக்கு வருத்தம் அதில் இருக்கும் படத்தின் மேல்தான். கிளப்பின் சொந்த மைதானமான போரிசோவ் அரேனாவைப் பின்னி, அதற்குக் கீழே ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயர்ன் முனிக்கை 3-1 என்று ஜெயித்ததைப் போட்டிருக்கிறார்கள். அந்த மேட்ச் நடந்தது 2012 அக்டோபர் 2 அன்று, மின்ஸ்கின் டைனமோ ஸ்டேடியத்தில். அரேனா திறந்ததே 2014இல்தான்! சின்னத் தப்புதானே என்று என்னால் விட முடியவில்லை, ஏனென்றால் அரேனா வருவதற்கு முன் தன் பெரிய ராத்திரிகளை எல்லாம் சொந்த ஊரை விட்டு 70 கிலோமீட்டர் தள்ளிப் போய் ஆட வேண்டியிருந்தது என்பதுதான் இந்த கிளப்பின் கதையே.

போரிசோவ் பெரெசினா ஆற்றங்கரையில் இருக்கும் தொழிற்சாலை ஊர். பாட்டே என்ற பெயரும் அங்கே கார், டிராக்டர்களுக்கு மின்சாதனங்கள் செய்யும் தொழிற்சாலையின் பெயர்ச்சுருக்கம்தான். 1973இல் அந்தத் தொழிற்சாலையின் டீமாகத் தொடங்கி, பிறகு கலைந்துபோய், 1996இல் திரும்ப உயிர் வந்தது. அதற்குப் பின்னால் நின்றவர் அனடோலி காப்ஸ்கி, தொழிற்சாலையையும் நடத்திய மனிதர். மூன்றாவது டிவிஷனில் ஆரம்பித்து 1998இல் மேல் டிவிஷனுக்கு வந்த முதல் வருடமே இரண்டாம் இடம், 1999இல் சாம்பியன். அப்புறம் 2006 முதல் 2018 வரை தொடர்ந்து பதின்மூன்று லீக் பட்டம், தலைநகரின் டைனமோ மின்ஸ்க் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க. காப்ஸ்கி இறந்ததும் அந்த 2018இல்தான், அடுத்த வருடம் பட்டம் டைனமோ பிரெஸ்டுக்குப் போய்விட்டது.

2008இல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்றுக்குப் போன முதல் பெலாரஸ் கிளப் இதுதான். கோச் விக்டர் கன்சரென்கோவுக்கு அப்போது 31 வயது. இத்தாலியின் யுவென்டஸுக்கு எதிராக முதல் 23 நிமிஷத்துக்குள் 2-0 என்று முன்னால் போய், கடைசியில் 2-2 டிரா. அதுவும் மின்ஸ்கில்தான் நடந்தது, போரிசோவில் அப்போது இருந்த பழைய மைதானம் சின்னது, அந்தத் தரத்துக்குப் போதாது. பயர்னை ஜெயித்ததையும் சாதாரணமாக நினைக்காதீர்கள், அந்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியதே பயர்ன்தான்.

சரி, அரேனாவுக்கு வருவோம். நான் ரயிலில் போய்ப் பார்த்தேன். பைன் மரங்களுக்கு நடுவே, ஓட்டை ஓட்டையான வெள்ளி ஓடு போர்த்திய மாதிரி நிற்கிறது, பார்த்தவுடன் பிடித்துவிட்டது. ஸ்லோவேனியக் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்தது, சுமார் 13,000 பேர் உட்காரலாம். அங்கேயும் நல்லது கெட்டது எல்லாம் நடந்திருக்கிறது. திறந்த வருடமே உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்கிடம் 0-7 என்று வாங்கிக்கட்டிக்கொண்டதும் அங்கேதான். அடுத்த வருடம் இத்தாலியின் ரோமாவை 3-2 என்று ஜெயித்ததும் அங்கேதான், அரை மணி நேரத்திலேயே 3-0 முன்னிலை!

கடைக்கு எழுதிக் கேட்டேன், படம் அழகாக இருக்கிறது என்று வைத்தோம் என்றார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரோமா ஸ்கோரைக் கீழே பின்னியிருந்தால் அழகும் இருந்திருக்கும், உண்மையும் இருந்திருக்கும். துணிக்காக வாங்குகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். இந்த கிளப்பைப் பிடித்து வாங்குகிறவர்கள், படமே இல்லாமல் பெயரும் 1973உம் மட்டும் போட்ட இன்னொரு மாடல் அதே விலையில் இருக்கிறது, அதை எடுங்கள். நானும் அடுத்த குளிருக்கு அதைத்தான் வாங்கப்போகிறேன்.