மூட்டைத் தீவனம் மலிவு என்று வாங்கப் போகிறவர்களுக்கு

நுவரெலியாவில் ஏரிப்பக்கம் சவாரிக்கு மட்டக்குதிரை வைத்திருப்பவர்கள், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் 60,000 ரூபா போய்விட்டது. உங்களுடையதாவது மிஞ்சட்டும்.

என்னிடம் இருப்பது இரண்டு மட்டக்குதிரைகள். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து புல் கருகிவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் காய்ந்த புல்தான் கதி. இந்த மூடுபனியில் நாமே வெட்டிக் காயவைத்தால் பாதி பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கிலோ 140 ரூபாவுக்கு வெளியே வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு வியாபாரி லொறியில் வந்தார். "அண்ணே, இது ஹேலேஜ். வெளிநாட்டில் ரேஸ் குதிரைக்கே இதைத்தான் போடுறாங்க. கிலோ 75 ரூபாதான். புல்லுக்குக் கொடுக்கிறதில் பாதி" என்றார். 40 கிலோ மூட்டை 3,000 ரூபா. ஏப்ரல் சீசனுக்குள் குதிரைகளைத் தேற்ற வேண்டும் என்ற அவசரத்தில் 20 மூட்டை இறக்கினேன்.

வெளிநாட்டில் போடுகிறார்கள் என்பது பொய்யில்லை. புல்லை வெட்டி, முழுக்கக் காயவிடாமல் அரைகுறையாக வாடவைத்து, காற்றுப் புகாதபடி பிளாஸ்டிக் தாளால் பல சுற்றுச் சுற்றி வைப்பதுதான் ஹேலேஜ். உள்ளே லேசாகப் புளித்துக் கெடாமல் இருக்கும். தூசி இல்லாததால் இருமல் உள்ள குதிரைக்கு நல்லது. ஆனால் எனக்கு வந்தது பழைய உரப்பையில் மெல்லிய பொலித்தீன் போட்டு, வாயைக் கயிற்றால் கட்டிய சரக்கு. உள்ளே தடித்தண்டாக நறுக்கிய சிஓ-3 என்ற மாட்டுத் தீவனப் புல், பிழிந்தால் கையில் சாறு வடிந்தது. மாட்டுக்குப் போடும், ஈரத்தோடேயே அடைத்துப் புளிக்கவைத்த சைலேஜுக்குப் பெயரை மாற்றி என்னிடம் விற்றிருக்கிறார். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். மலிவு கண்ணை மறைத்துவிட்டது.

குதிரைக்கு ஒன்றுக்கு நாளைக்கு 8 கிலோ போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். பத்து நாளில் இரண்டும் கொட்டில் பலகையைக் கடிக்கத் தொடங்கின. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆனது. திமிர் என்று நினைத்து அதட்டினேன். பாவம், பசி.

பதினைந்தாம் நாள் எட்டாவது மூட்டையைப் பிரித்தேன். அடியில் எலி ஓட்டை போட்டிருந்தது. அந்தப் பக்கம் வெள்ளைப் பூஞ்சணம். தெரிந்ததை அள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போட்டேன். இதில் தப்பு என்னுடையது, மறைக்கப் போவதில்லை. இரவு என் குதிரை வெள்ளையன் தரையைக் காலால் பறிக்கிறான், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், படுத்துப் புரள்கிறான். மிருக வைத்தியர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, விடியும்வரை இருந்தார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

"தம்பி, வயிற்றுவலியோடு போச்சே என்று சந்தோஷப்படு" என்றார். ஈரம் கூடுதலான, சரியாகப் புளிக்காத மூட்டையில் மண்ணோ செத்த எலியோ சேர்ந்துவிட்டால் பொட்டுலிசம் கிருமி நஞ்சு கக்குமாம். மாட்டை விடக் குதிரைக்கு அது சீக்கிரம் ஏறும். நாக்குத் தளர்ந்து, விழுங்க முடியாமல், கடைசியில் எழும்பவே முடியாது. மணத்தை வைத்தோ பார்வையை வைத்தோ கண்டுபிடிக்கவும் முடியாது.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். காய்கறி நிறுக்கும் தராசில் ஒரு பிரிக்காத மூட்டையை வைத்தால் 35 கிலோதான் காட்டியது. என் தம்பிக்கு ஒரு பேக்கரியில் வேலை. மூட்டைத் தீவனத்தில் 100 கிராம் நிறுத்து, பாண் சுட்டு முடித்த போறணையின் மிச்சச் சூட்டில் வைத்து, எடை இனிக் குறையாது என்கிற வரை காயவிட்டான். மிஞ்சியது 36 கிராம். நல்ல ஹேலேஜில் 50 முதல் 70 வரை மிஞ்ச வேண்டும். காய்ந்த புல்லில் 85 அளவு.

குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் சுமார் 2 வீதம் தீவனம் வேண்டும், அதுவும் தண்ணீரைக் கழித்த கணக்கில். என் குதிரை 250 கிலோ என்றால் 5 கிலோ. காய்ந்த புல்லாகப் போட்டால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, செலவு 825 ரூபா போல. இந்த மூட்டையில் அதே 5 கிலோ கிடைக்க 14 கிலோ போட வேண்டும். எடைக் குறைவையும் சேர்த்தால் கிலோ 85 ரூபாவுக்கு மேல் விழுகிறது, ஆக நாளைக்கு 1,190 ரூபா. நான் போட்ட 8 கிலோவில் உண்மையான தீவனம் 3 கிலோகூட இல்லை. பாதி விலை என்று நினைத்து ஒன்றரை மடங்குக்குக் கிட்டக் கொடுத்தேன், குதிரைகளையும் பட்டினி போட்டேன். உண்மையான ஹேலேஜாக, தண்ணீர் போக 60 வீதம் மிஞ்சி, எடையும் சரியாக இருந்திருந்தால் 625 ரூபாதான் வந்திருக்கும். அப்படியானால் ஹேலேஜ் உண்மையிலேயே லாபம்தான். அதனால் ஹேலேஜையே திட்டாதீர்கள்.

யாராவது கொண்டுவந்தால் ஒரு மூட்டையை மட்டும் வாங்கி, நிறுத்து, 100 கிராமைக் காயவைத்துப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுங்கள். ஓட்டை விழுந்தது, புழுங்கிய நாற்றமோ நவச்சார நெடியோ அடிப்பது என்றால் பூஞ்சணத்தை மட்டும் கிள்ளி எறிந்து போடாதீர்கள், முழு மூட்டையையும் எறியுங்கள். பிரித்ததை மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது.

வியாபாரியிடம் பணத்தைக் கேட்டேன். "குதிரைக்குப் பழக்கமில்லை அண்ணே, மெல்ல மெல்லப் பழகும்" என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. மீதி மூட்டைகளில் ஓட்டை இல்லாததைப் பக்கத்து லயத்து மாமா பசுக்களுக்குக் கொண்டுபோனார், மற்றது லீக்ஸ் பாத்திக்கு உரமாகிவிட்டது. போன கிழமை வேறு நம்பரிலிருந்து ஒரு அழைப்பு, அதே குரல். என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. புது லோட் வருகிறதாம், எனக்காக 70 ரூபாவுக்குத் தருகிறாராம்.