ஒரு மாலைக்கு ஒரே சொல்: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆங்கில வகுப்பு

பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு எங்கே அனுப்பலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், கடைவீட்டு மாடியில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மாலையில் வகுப்பு நடத்துகிறார். அங்கே அனுப்புங்கள். என் மகள் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம், அவளும் அங்கேதான் போகிறாள். பெற்றோரும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால் நானே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு அவள் போன டியூஷனில் (பெயர் வேண்டாம்) வாரா வாரம் ஒரு தாள் கொடுப்பார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் மலாயில் அர்த்தம், அடுத்த வாரம் வந்து ஒப்பிக்க வேண்டும். கடகடவென்று ஒப்பிப்பாள். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அதில் ஒரு சொல்கூட வராது, வந்தாலும் இடம் தெரியாமல் வந்து நிற்கும்.

இந்த டீச்சர் ஒரு மாலைக்கு ஒரே சொல்தான் எடுக்கிறார். ஒன்றரை மணி நேரமும் அந்த ஒன்றுதான். நான் இருந்தபோது ஒரு நாள் எடுத்த சொல் 'ரிலக்டன்ட்' (reluctant). அர்த்தம் கேட்டார், பிள்ளைகள் 'தயக்கம்' என்றார்கள். அப்போது 'ஹெசிடன்ட்' (hesitant) என்றால் என்ன என்று கேட்டார், அதற்கும் 'தயக்கம்' என்றார்கள். சரியா தவறா என்று எதுவும் சொல்லாமல் ஒரு கதையை ஆரம்பித்தார். எஸ்டேட் லயத்து வீட்டிலேயே பிறந்து, பால்மரம் (ரப்பர்) வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பாட்டி. மகன் பட்டணத்தில் வீடு வாங்கிவிட்டான், வாம்மா போகலாம் என்று கூப்பிடுகிறான், பாட்டியோ சாமான் எதையும் கட்டாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். "பாட்டிக்குப் போகலாமா வேணாமான்னு குழப்பமா, இல்ல போக மனசே இல்லையா?" என்று கேட்டார். "மனசில்ல டீச்சர்" என்று எல்லாரும் சொன்னார்கள். "அதுதான் ரிலக்டன்ட். குழப்பத்துல நின்னா ஹெசிடன்ட்."

அப்புறம் ஒரு பையன், பாட்டி போகவே மாட்டாங்க டீச்சர் என்றான். அதையும் விடவில்லை. போகவே மாட்டேன் என்று மறுத்துவிட்டால் அது 'ரெஃப்யூஸ்'. ரிலக்டன்ட் என்றால் கதவு இன்னும் சாத்தப்படவில்லை, பாட்டி கடைசியில் அரைமனதோடு வண்டி ஏறினாலும் ஏறலாம், அப்படி ஏறினால் 'ரிலக்டன்ட்லி' என்று எழுதலாம் என்றார். லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்கு எதிர்த்துப் போராடுவது என்று பொருளாம். பாட்டி மனசுக்குள்ளேயே மல்லுக்கட்டுறாங்க பாருங்க என்று சொன்னபோது, எந்தப் பிள்ளையும் இந்தச் சொல்லை இனி மறக்காது என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். 'ஐ ரிலக்டன்ட் டு கோ' என்று ஒரு பிள்ளை எழுதியதைப் பலகையில் போட்டு, இந்தத் தவறு ஏன் வருகிறது என்று விளக்கினார். தமிழில் 'எனக்குப் போக மனசில்லை' என்போம், மலாயில் 'சாயா எங்கான் பெர்கி' என்போம், இரண்டிலும் ஆங்கிலத்து 'ஆம்' (am) என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள், மூளை இல்லாமல் இல்லை. 'ஐ ஆம் ரிலக்டன்ட் டு கோ' என்று எழுத வேண்டும், 'டு'வுக்குப் பிறகு 'கோயிங்' வரக்கூடாது, வாயால் சொல்லும்போது 'லக்' என்ற இடத்தில் அழுத்த வேண்டும். மலாயில் இதே மனநிலைக்கு 'பெராட் ஹாத்தி' என்றும் சொல்வதால் அதை அப்படியே 'ஹெவி ஹார்ட்' என்று மாற்றிவிடாதீர்கள், ஆங்கிலத்தில் அது துக்கம் என்றார். மூன்று மொழிக்கு நடுவில் வளரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது லேசில்லை.

மேசைமேல் இரண்டு அகராதிகள் இருக்கும், பிள்ளைகளே எடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்று லாங்மன், 1978-ல் முதலில் வந்தது, விளக்கம் முழுவதையும் ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதுகிற அகராதி. இன்னொன்று கோபில்ட், 1987-ல் வந்தது, மக்கள் உண்மையில் எழுதிய, பேசிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டிச் செய்தது, அர்த்தத்தை முழு வாக்கியமாகவே சொல்லும், அதனால் சொல்லோடு சேர்ந்து எது வரும் என்பது கண்ணில் பட்டுவிடும். வாங்கக் காசு இல்லையென்றால் கவலை வேண்டாம், இரண்டையும் போனில் இலவசமாகப் பார்க்கலாம். கடைசிக் கால் மணி நேரம் சொந்த வீட்டு விஷயத்தை வைத்து வாக்கியம் எழுத வேண்டும். நான் பழைய மோட்டார் சைக்கிளை விற்க மனசில்லாமல் வைத்திருப்பதை என் மகள் எழுதிப் பாராட்டு வாங்கினாள்.

குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில், ஆங்கிலத்துக்கு 2021 முதல் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். இங்கே கேட்டலுக்கு ஒன்றும் இல்லை, பேச்சும் போதாது, பிள்ளைகள் பாதி நேரம் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் அவசரமாகச் சேர்க்கிறவர்களுக்கு இது உதவாது, மூன்றாம் படிவத்திலிருந்தே அனுப்பினால்தான் பலன். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளை எடுப்பதில்லை. மாடியில் காற்றாடி ஒன்றுதான், முன்வரிசைக்கு மட்டும்தான் காற்று வரும்.

மாதம் 50 ரிங்கிட், செவ்வாயும் வியாழனும் மாலை ஏழரைக்கு. ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளை வந்தால் பாதிதான். தன் பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார், வேண்டுபவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. எல்பில் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யாராவது இருந்தால் என் காரில் இரண்டு பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது.