ஓசா ஏரியில் மானட்டி தேட: கண்ணா, காதா?

கேமரூனின் ஓசா ஏரியில் ஆப்பிரிக்க மானட்டி எனும், புல் மேயும் பெரிய நீர்வாழ் பாலூட்டியைத் தேட ஒரு வழி, படகில் போய்க் கண்ணால் பார்ப்பது. இன்னொன்று, ஹைட்ரோஃபோன் எனும் நீரடி ஒலிவாங்கியை இறக்கிவைத்து அதன் குரலைப் பதிவது.

படகில் என்ன கிடைக்கும்? கலங்கிய நீரில் இரண்டு மூக்குத்துளைகள் மெல்ல மேலே வரும், ஒரு மூச்சு, அவ்வளவுதான். அப்புறம் வட்ட அலை மட்டும். வேட்டையாடப்பட்டுக் கூச்சம் ஏறிப்போன விலங்கு, இன்ஜின் சத்தத்துக்கே நழுவிவிடும். ஆனால் செலவு குறைவு. கூட வரும் மீனவர்கள் கடிபட்ட புல் நுனியைப் பார்த்தே அது மேய்ந்த இடத்தைச் சொல்வார்கள். அந்த அறிவு எந்தக் கருவியிலும் இல்லை.

ஒலிவாங்கிக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இந்த இனத்தின் கீச்சுக் குரல்கள் முதன்முறையாக விவரிக்கப்பட்டது 2021இல், இந்த ஏரியில் எடுத்த பதிவுகளிலிருந்துதான். குறை என்ன? பத்துக் குரல் கேட்டால் விலங்கு ஒன்றா, பத்தா என்று தெரியாது. வாய் திறக்காதது கணக்கிலேயே வராது.

சரி, எதை எடுப்பது? கையில் காசு குறைவென்றால் நான் மீனவரின் படகில்தான் ஏறுவேன். ஆனால் சால்வீனியா களை ஏரியை மூடிப் படர்ந்த இடங்களில் கண்ணுக்கு வேலையே இல்லை. அங்கே காது ஒன்றே கதி.