மயில்கழுத்து நிறம் எங்கே போனது? எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி, டிஸ்ப்ளே பி3: எதில் வேலை செய்வது, எதில் அனுப்புவது

"தம்பி, எம் புடவை இந்தக் கலரே இல்லியே!"

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தின் படங்களை அனுப்பிய மறுநாள் காலை, பெண்ணின் பெரியம்மா கூப்பிட்டுச் சொன்னார். அவர் கட்டியிருந்தது மயில்கழுத்துப் பட்டு. பாவு நீலம், ஊடை பச்சை. மடிப்பு அசையும்போது ஒன்று மற்றொன்றுக்குள் வழுக்கும். என் திரையில் அது ஜொலித்தது. அவர் கைபேசியில் காய்ந்த பாசிபோல் கிடந்தது. பெண்ணின் அரக்குப் புடவை செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது, முகங்களில் சாம்பல் பூசினாற்போல் வாட்டம். எடிட் செய்தபோது அந்த நிறங்களை நான் தொடவே இல்லை.

அவர் கைபேசிக்கு வந்த படத்தையே திருப்பி அனுப்பச் சொன்னேன். நிறம் மாறினால் முதலில் தெரிய வேண்டியது, மாறியது படமா திரையா என்பது. ஃபோட்டோஷாப்பில் இரண்டு படங்களையும் திறந்து, ஐடிராப்பரை (ஒரு புள்ளியின் நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவி) ஒரே மடிப்பின் மேல் வைத்து எண்களைப் பாருங்கள். எண்களும் ஒன்று, புரொஃபைலும் (அந்த எண்களை எந்த நிறமாகப் படிப்பது என்று படத்தோடு வரும் குறிப்பு) ஒன்று என்றால் படத்தில் பழுதில்லை. திரையின் நிறத்தைத் தானே மாற்றும் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன், கெட்டுப்போன மானிட்டர் புரொஃபைல் போன்றவற்றைத்தான் தேட வேண்டும். எண்கள் பெரிதாக மாறியிருந்தால் எடிட்டிலோ கன்வர்ட் செய்ததிலோ ஏதோ நடந்திருக்கிறது. எண்கள் அநேகமாக அப்படியே இருந்து, புரொஃபைல் மட்டும் காணாமல் போயிருந்தால் அதுதான் குற்றவாளி. எனக்கு நேர்ந்தது அதுவே. நான் அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் எக்ஸ்போர்ட் செய்திருந்தேன். படத்தை அனுப்பிய செயலி வழியே சுருங்கிப் போனபோது புரொஃபைல் கழன்றுவிட்டது.

(ரா ஃபைலை, அதாவது கேமரா சமைக்காமல் அப்படியே சேமித்த படத்தை, லைட்ரூம் என்ற எடிட் மென்பொருளில் திறந்ததும் ஒரு நொடியில் நிறம் மாறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. முதலில் தெரிவது கேமரா தானே சமைத்து உள்ளே வைத்த ஜேபெக் முன்னோட்டம். பிறகு வருவது லைட்ரூம் தன் கணக்கில் சமைப்பது. அங்கே கேமராவுக்குரிய புரொஃபைலை (பெயர்தான் ஒன்று, இது வேறு வகை) தேர்ந்தெடுத்தால் கிட்டத்தட்டப் பழைய நிறம் வந்துவிடும்.)

புரொஃபைல் என்றால் என்ன? அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் படியின் அளவு வேறு. "மூன்று படி அரிசி" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த ஊர்ப் படி என்றும் சொல்ல வேண்டும். படத்தில் உள்ள எண்களும் அப்படித்தான். எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு, சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில், 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. புரொஃபைல் கழன்றால் கைபேசி அந்த 219ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். சிவப்பு மங்காமல் என்ன செய்யும்?

இனி மூன்று நிறவெளிகளையும், அதாவது மூன்று ஊர்ப் படிகளையும், பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

எஸ்ஆர்ஜிபி 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. மூன்றில் சிறியது. ஆனால் புரொஃபைல் தொலைந்தாலும் பிழைக்கக்கூடியது இது ஒன்றுதான். ஏனென்றால் புரொஃபைல் இல்லாத படத்தை எல்லாரும் எஸ்ஆர்ஜிபி என்றே கொள்கிறார்கள். பெரும்பாலான அச்சுக்கடைகள் கேட்பதும் இதையே. குறை எங்கே என்றால், மயில்கழுத்து போன்ற அடர்ந்த நீலப்பச்சைகள் இதற்குள் முழுதாக அடங்குவதில்லை.

அடோபி ஆர்ஜிபி 1998இல் வந்தது, அச்சுத் தொழிலை மனத்தில் வைத்து. பச்சையிலும் நீலப்பச்சையிலும் தாராளம். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டுக்குப் போகும் காவடிகளின் மயிற்பீலியை எடுத்து, நல்ல இங்க்ஜெட்டில் நீங்களே அச்சிடுவீர்கள் என்றால் இதன் அருமை தெரியும். ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று: இதன் சிவப்பு முனையும் நீல முனையும் (அது எட்டக்கூடிய கடைசிச் சிவப்பும் நீலமும்) எஸ்ஆர்ஜிபியில் உள்ளவையேதான். பச்சை முனை மட்டும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அரக்குக்காகவும் குங்குமத்துக்காகவும் அடோபி ஆர்ஜிபிக்குப் போகிறவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதோடு, சாதாரண எஸ்ஆர்ஜிபி மானிட்டரில் இதில் வேலை செய்தால், கண்ணுக்குத் தெரியாத நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்போம். அது என் மனசுக்கு ஒப்பவில்லை.

இது தெரியாமலே உள்ளே வந்துவிடுவதும் உண்டு. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா வாங்கிய நண்பர் ஒருவர், ஜேபெக் எல்லாம் வெளிறி இருக்கிறது, சென்சார் போய்விட்டது என்று கவலைப்பட்டார். ஃபைல் பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் அடிக்கோட்டில் தொடங்கின. கேமரா அடோபி ஆர்ஜிபியில் இருப்பதற்கு அதுவே அடையாளம். முன்பு வைத்திருந்தவர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். மெனுவில் ஒரு வரியை மாற்றியதும் சரியானது. ரா மட்டும் எடுப்பவருக்கு இந்த அமைப்பு எதையும் கெடுக்காது.

டிஸ்ப்ளே பி3, சினிமாத் திரைக்கான டிசிஐ-பி3யிலிருந்து ஆப்பிள் எடுத்துக்கொண்டது. 2016இல் ஐபோன் 7 முதல் ஐபோன்கள் இதில் படமெடுக்கின்றன. இதன் சிவப்பு மற்ற இரண்டையும்விட ஆழமானது. அரக்கு, குங்குமம், தீபாவளிக்குத் தேக்காவில் தொங்கும் ஆரஞ்சு விளக்குகள் எல்லாம் இதில்தான் உயிரோடு நிற்கின்றன. நீலப்பச்சையில் அடோபி ஆர்ஜிபிக்குக் கொஞ்சம் பின்தங்கும். புரொஃபைல் கழன்றால் இதுவும் மங்கும்.

புரோஃபோட்டோ ஆர்ஜிபி என்று இன்னொன்று உண்டு. மிகப் பெரியது, மனிதக் கண் காணவே முடியாத நிறங்களுக்கும் அதில் எண் உண்டு. 16 பிட்டில், அதாவது நிறங்களை மிக நுணுக்கமாகப் பிரித்து எழுதும் அளவில், எடிட் செய்ய வைத்துக்கொள்ளலாம். 8 பிட்டில் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். யாருக்கும் அனுப்பக் கூடாது.

என் தீர்ப்பு இது: ராவில் எடுங்கள், பெரிய நிறவெளியில் 16 பிட்டில் திருத்துங்கள், அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலை உள்ளேயே பதித்து அனுப்புங்கள். வீடு முழுக்க ஐபோன், படத்தையும் சுருக்காமல் நேரடியாகக் கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் பி3. அடோபி ஆர்ஜிபியை என் சொந்த அச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. ஃபோட்டோஷாப்பில் அசைன் புரொஃபைல், கன்வர்ட் டு புரொஃபைல் என்று இரண்டு இருக்கின்றன. அசைன் எண்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றும், நிறம் புரளும். கன்வர்ட் எண்களைத் திருப்பி எழுதும், நிறம் நிற்கும். அனுப்பப் போகும் படத்துக்கு எப்போதும் கன்வர்ட். புரொஃபைலைத் தொலைத்துவிட்டு வந்த படத்தை மீட்க மட்டும் அசைன். பெரியம்மாவிடமிருந்து திரும்பி வந்த படத்துக்கு அடோபி ஆர்ஜிபியை அசைன் செய்தேன். புடவை கண்முன்னே விழித்துக்கொண்டது. சந்தேகம் தீர்ந்தது.

அன்று மாலையே அத்தனை படங்களையும் மூலத்திலிருந்து எஸ்ஆர்ஜிபியில் மறுபடி எடுத்து அனுப்பினேன். அரக்கு திரும்பியது, முகங்களும் தெளிந்தன. மயில்கழுத்து மட்டும் முக்கால்வாசிதான் வந்தது. பெரியம்மாவின் ஒரு படத்தை அடோபி ஆர்ஜிபியிலிருந்து நேரே என் பிரிண்டரில் அச்சிட்டு, அவருடைய அடுக்குமாடி புளோக்குக்கே எடுத்துப் போனேன். பீரோவிலிருந்து புடவையை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் முந்தானையைப் படத்தின் மேல் விரித்து வைத்தார்.

"பச்சை சரியா இருக்கு தம்பி. நீலம் இன்னும் கொஞ்சம் வரணும்."

அவர் சொன்னது சரிதான்.