அல்சூர் சுகர் கிளினிக்: முதலில் தம்பியிடம்தான் பேசினார்கள்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை சுகருக்கு எங்கே கூட்டிப்போவது என்று பெங்களூரில் அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரீனியா, எட்டு வருடமாக ஓலான்ஜபின். அந்த மாத்திரை பசியைக் கிளப்பும், எடையோடு சர்க்கரையையும் ஏற்றும். முன்பு போன ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் என்னிடம், "வாயைக் கட்டச் சொல்லுங்க, அந்த மாத்திரையை நிறுத்திடுங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இந்த அல்சூர் கிளினிக்கில் டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ராத்திரி எத்தனை மணிக்குப் பசிக்கும் தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். "பதினொண்ணு" என்றான். மாத்திரை போட்ட பிறகு ஒரு பிஸ்கட் பாக்கெட் முழுசும் காலியாகிறது என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அவர் திட்டவில்லை. பிஸ்கட் வாங்கி வைக்காதீங்க, அந்த இடத்தில் சுண்டலோ வெள்ளரிக்காயோ இருக்கட்டும் என்றார், அவ்வளவுதான். அவன் மனநல சிகிச்சை எடுக்கும் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி ஃபைலை வரி விடாமல் படித்துவிட்டு, மனநல டாக்டருக்கு எங்கள் எதிரிலேயே போன் போட்டார். இவனுக்கு ஒத்துக்கொண்டது ஓலான்ஜபின் ஒன்றுதான், அதைத் தொட வேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்து, சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சேர்த்தார்கள்.

கால் உணர்ச்சியைச் சோதிக்கும்போதுதான் எனக்குப் பயம், யாராவது தொட்டால் அவனுக்கு ஆகாது. நர்ஸ் காலில் தொட்டுப் பார்க்கும் நைலான் இழையை முதலில் அவன் உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "இதுதான், வலிக்காது, கண்ணை மூடிக்கிட்டு தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சாக்ஸை அவனே கழற்றினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 9.4 இருந்தது, ஆறு மாதத்தில் 7.5. இன்னும் இறங்க வேண்டும், சரி, இறங்கும்.

குறை உண்டு. சனிக்கிழமை போனால் ஒன்றரை மணி நேரம் குறுகலான பெஞ்சில் உட்கார வேண்டும், டிவி சத்தம் வேறு. தம்பி எழுந்து எழுந்து வெளியே போய்விட்டான். கடைசியில் டிவியை அணைக்கச் சொல்லிக் கேட்டேன், அணைத்தார்கள். வார நாளில் காலை முதல் டோக்கன் வாங்குங்கள். மனநல மாத்திரை அட்டைகளை எல்லாம் மறக்காமல் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.