குடும்பிமலை ஏற போன் மேப்பா, தாள் மேப்பா?

மட்டக்களப்புல கிரான் பக்கத்தால இந்த மலைக்குப் போற பொடியன்மார் இதத்தான் கேக்காங்க.

செலவு: போன் மேப் சும்மா, வீட்டயே டவுன்லோட் பண்ணி வச்சா சிக்னல் இல்லாட்டியும் ஜிபிஎஸ் காட்டும். நில அளவைத் திணைக்களத்து 1:50,000 தாள் காசுக்கு.

தாக்குப் பிடிக்கிறது: போன முறை பாதி ஏத்தத்துல என்ட போன் சார்ஜ் முடிஞ்சு செத்துட்டு, மறுகா பொலித்தீன் பேக்குக்குள்ள மடிச்சு வச்ச தாளும் திசைகாட்டியும்தான் எங்கள இறக்கிச்சு.

லேசு: போன்ல நிக்கிற இடம் நீலப் புள்ளியா தெரியும், தாள்ல 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர்ண்டு நாமதான் கணக்குப் பாக்கணும், ஆனா சமவுயரக்கோடு (ஒரே உயரத்துல உள்ள இடங்கள இணைக்கிற கோடு) நெருங்கிக் கிடந்தா அங்கால செங்குத்துண்டு உடனே விளங்கும்.

யானை நிக்கிறது ரெண்டுலயும் இல்ல, ஊராக்கள்ட்ட கேளுங்க, கேட்டும் ஆபத்து மிச்சம் இருக்கும், அத ஏத்துக்கிட்டுத்தான் ஏறணும். வெயில் காலத்துல காலைல ஏறி பின்னேரம் இறங்க போனும் பவர் பேங்கும் போதும், தெரியாத பாதையெண்டா தாளில்லாம போகாதீங்க.