யானைக்குட்டியா, வால்ரஸ் கூட்டமா?

2023 ஆஸ்கரில் ஆவணக் குறும்பட விருதுக்கு இரண்டும் போட்டியிட்டன. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' வென்றது, வால்ரஸ் எனும் தந்தமுள்ள பெரிய கடல்விலங்குகளைப் பற்றிய 'ஹால்அவுட்' தோற்றது. என் ஓட்டு தோற்ற படத்துக்குத்தான்.

முதுமலை தெப்பக்காட்டில் தாயில்லாக் குட்டி ரகுவை பொம்மனும் பெள்ளியும் வளர்க்கும் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. இயக்குநர் கார்த்திகி கொன்சால்வெஸ் காட்டை அழகாகவே காட்டுகிறார். ஆனால் எங்கே கண்கலங்க வேண்டும் என்று பின்னணி இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ரகுவை வேறு பராமரிப்பாளரிடம் மாற்றும் கட்டத்துக்கு இசையே தேவைப்பட்டிருக்காது.

'ஹால்அவுட்' 25 நிமிடம்தான். ரஷ்யாவின் சுக்கோட்கா கடற்கரை, ஒரு மரக்குடிசை, ஒரு விஞ்ஞானி. பேச்சு கிட்டத்தட்ட இல்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்றுகூட முதலில் சொல்வதில்லை. ஒருநாள் கதவைத் திறந்தால் வாசல்வரை வால்ரஸ்கள்! அதற்குப் பின்னால் கரை கொள்ளாத கூட்டம். இளைப்பாறக் கடலில் பனிப்பரப்பு இல்லாததால் கரையேறியவை. நெரிசலில் மிதிபட்டுச் சாகவும் செய்கின்றன. பருவநிலை மாற்றம் பற்றி யாரும் வகுப்பெடுப்பதில்லை. அந்தக் கதவு திறப்பதே போதுமானதாக இருக்கிறது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யானைப் படத்தைப் போடுங்கள். மற்றதில் இறந்துகிடக்கும் வால்ரஸ்களைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். அதைத் தனியாக, நல்ல ஹெட்ஃபோனோடு பார்ப்பது உத்தமம்.